600 யென் ரோபோவை நிற்க வைப்பது எப்படி?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிப் பார்க்கிறேன். நகோயாவில் வேலை பார்க்கிறீர்கள். பழைய பொருள் கடையின் மூலையில் கிடந்த ஒரு பெட்டியை 600 யென் கொடுத்து வாங்கி வந்தீர்கள். உள்ளே இருப்பது 'டிராட் 11' என்ற, உங்கள் நண்பர்கள் யாரும் கேள்விப்படாத ரோபோவின் 1/144 அளவு (கதையில் வரும் உருவத்தில் 144-இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் கிட். இதற்கு முன் நீங்கள் கட்டியவை, கண்டாம் என்ற புகழ்பெற்ற ஜப்பானிய ரோபோத் தொடரின் இரண்டு புதிய கிட்கள். அவற்றில் பசைக்கும் வேலையில்லை, பெயிண்டுக்கும் வேலையில்லை. அழுத்தினால் 'டக்' என்று உட்கார்ந்துவிடும். இதில் அப்படி எதுவும் நடக்கவில்லை. காலின் இரண்டு பாதிகளைச் சேர்த்துப் பிடித்தால் நடுவில் நகம் நுழைகிறது. இதைக் கட்டுவது வீண்வேலையா, கட்டலாம் என்றால் பெயிண்டைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷ் போன்ற பெரிய செலவில்லாமல் பார்க்கும்படி முடிக்க முடியுமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'தப்பு கிட்டிலா, என் கையிலா?' அதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவற்றுக்கு வழி தானாகத் திறக்கும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் அச்சுகளை வடிவமைப்பது என் தொழில். கோயம்புத்தூரில் ஆரம்பித்து 22 ஆண்டுகள் ஆகின்றன, அதில் 9 ஆண்டுகள் ஷிசுவோகாவில். ஜப்பானின் மாதிரி கிட் நிறுவனங்களில் பெரும்பகுதி குடியிருக்கும் ஊர் அது. தமியா, ஆவோஷிமா, பண்டாயின் தொழிற்சாலை எல்லாம் அங்கேதான். அந்த ஊரில் இருந்துகொண்டு கிட் கட்டாமல் இருப்பது மதுரையில் இருந்துகொண்டு மீனாட்சி கோயிலுக்குப் போகாமல் இருப்பது போல. இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் வைத்திருக்கும் அதே டிராட் 11-ஐ நான் கட்டியதில்லை. அதே வரிசையில் வேறு இரண்டையும், அதே காலத்துக் கிட்கள் பத்துப் பன்னிரண்டையும் கட்டியிருக்கிறேன். ஆகவே 'ஏழாம் எண் பாகத்தை இப்படித் திருப்புங்கள்' என்று என்னால் சொல்ல முடியாது. அந்த வயதுக் கிட்கள் எங்கெங்கே மக்கர் செய்யும் என்பதைச் சொல்ல முடியும்.

வீண்வேலை இல்லை. முதலில் அந்த ரோபோ எங்கிருந்து வந்தது என்று பாருங்கள், ஏனென்றால் கட்டும் விதமே அதைப் பொறுத்தது. 1982 பிப்ரவரி முதல் 1983 ஜனவரி வரை 50 பகுதிகளாக ஓடிய 'செந்தோ மெக்கா ஜபுங்குரு' என்ற தொலைக்காட்சி அனிமேஷன் தொடரில் வருகிற வண்டி அது. தயாரித்து ஒளிபரப்பியதில் உங்கள் ஊர் நகோயா தொலைக்காட்சிக்குப் பங்கு உண்டு. இயக்கியவர் யோஷியுகி தொமினோ, 1979-இல் கண்டாமைத் தந்த அதே மனிதர். ஜோரா என்ற வறண்ட கிரகத்தில் மக்கள் நீலக் கல்லைத் தோண்டி எடுத்து, 'இன்னசென்ட்' என்ற மேல்தட்டுக் கூட்டத்திடம் கொடுத்து, பதிலுக்கு நடக்கும் இயந்திரங்களை வாங்குகிறார்கள். அவற்றுக்கு 'வாக்கர் மெஷின்' என்று பெயர். பெட்ரோலில் ஓடும்; ஸ்டீயரிங் சக்கரத்தைப் பிடித்து ஓட்டுவார்கள். எந்தக் குற்றமும் மூன்று நாள் தாண்டினால் மன்னிக்கப்படும் என்பது அந்த ஊர்ச் சட்டம். பெற்றோரைக் கொன்றவனை மூன்று நாளுக்குப் பிறகும் விடாமல் துரத்துகிற ஒரு பையனின் கதை. கதாநாயகனின் ரோபோ போலவே இன்னொன்றும் ஆரம்பத்திலிருந்தே கூட நிற்கும். பாதிக் கதையில் அந்த ரோபோவையே ஓரங்கட்டிவிட்டு வேறொன்று வந்துவிடும். அதாவது இங்கே ரோபோ என்பது தெய்வீக ஆயுதம் அல்ல, லாரி. டிராட் 11 அந்த லாரிகளில் ஒன்று. உங்கள் முந்தைய கண்டாம்கள் பளபளவென்று நின்றால்தான் அழகு. இது அழுக்காக, அடிபட்டு, கிரீஸ் வழிய நின்றால்தான் அழகு. புதிதாகப் பெயிண்ட் பிரஷ் பிடிக்கிறவருக்கு இதைவிடக் கருணையான கிட் கிடைக்காது.

இந்தப் பெட்டி ஏன் இருக்கிறது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1980 ஜூலையில் 1/144 கண்டாம் கிட் 300 யென்னுக்கு வந்து, கடைகளில் பிள்ளைகள் வரிசையில் நிற்கும் அளவுக்கு விற்றது. அதைப் பார்த்த பிறகு, எந்த ரோபோத் தொடர் வந்தாலும் அதில் தலைகாட்டும் இயந்திரங்களுக்கெல்லாம் கிட் போட்டார்கள். கதாநாயகனின் ரோபோவுக்கு மட்டுமல்ல, தெருவோரத்தில் நிற்கும் வண்டிக்கும் அச்சு வெட்டினார்கள். அந்த ஆரவாரத்தின் பிள்ளைதான் உங்களுடையது. உங்கள் கையில் இருப்பது அன்றைய பதிப்பா, பிறகு மறுபடி வார்த்ததா என்று நீங்கள் சொல்லவில்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆண்டை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் தொடரின் உரிமை ஆண்டு, வார்த்த ஆண்டு அல்ல. நிறுவனப் பெயரைப் பாருங்கள். 1983 வரை பண்டாயின் மாதிரி கிட்களைப் போட்டது 'பண்டாய் மொகெய்' என்ற தனி நிறுவனம். அந்தப் பெயர் இருந்தால் பழைய பெட்டி. 'பண்டாய் ஸ்பிரிட்ஸ்' என்று இருந்தால் 2018-க்குப் பிந்தையது. எஃகு அச்சுகள் சரியாகப் பராமரித்தால் லட்சக்கணக்கான வார்ப்புகளுக்கு வரும், அதனால்தான் நாற்பது வருடம் கழித்தும் அதே கிட்டை வார்க்க முடிகிறது. கட்டுகிறவருக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. பழைய பெட்டிக்குள் சின்னப் பசைப் பொட்டலம் இருந்தால் மட்டும் அதைத் திறக்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள்.

இனி அந்த நகம் நுழையும் இடைவெளி. அச்சு என்பது இரண்டு எஃகுப் பாதிகள். மூடும், உருகிய பாலிஸ்டைரின் உள்ளே பாயும், குளிரும், திறக்கும், பாகம் வெளியே விழும். இன்று பக்கவாட்டிலிருந்து நகரும் துண்டுகளையும் அச்சில் வைப்பார்கள். அன்றைய மலிவு கிட்களில் அது அரிது; மேலே ஒன்று, கீழே ஒன்று, அவ்வளவுதான். இதிலிருந்து நான்கு விளைவுகள் வருகின்றன. பாகம் அச்சிலிருந்து வழுக்கி வெளியே வர வேண்டும் என்பதால் பக்கச் சுவர்கள் ஒரு பாகைக்கு முன்பின் சரிந்திருக்கும். அதனால் நேர்ச் சுவர் போலத் தெரிவது நேராக இருக்காது, பக்கவாட்டில் இருக்க வேண்டிய நுணுக்கங்கள் மழுங்கியிருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. அடுத்தது, உள்ளே முளை (ஒரு பாதியிலிருந்து நீட்டி மறுபாதியின் துளையில் போய் உட்காரும் குச்சி) இருக்கும் இடங்களில் பிளாஸ்டிக் தடித்திருக்கும். தடித்த இடம் கடைசியில் குளிர்ந்து சுருங்கும், வெளிப்பக்கத்தில் அம்மைத் தழும்பு போல ஒரு குழி விழும். மூன்றாவது, இரண்டு எஃகுப் பாதிகள் சந்திக்கும் கோட்டில் பாகத்தைச் சுற்றி மெல்லிய வரம்பு ஓடும். அச்சு தேய்ந்திருந்தால் அது சவ்வாகவே நீட்டிக்கொண்டிருக்கும். நான்காவது, பாகத்தைத் தள்ளி வெளியேற்றும் கம்பிகள் உள்பக்கத்தில் வட்ட வட்டமாகத் தடம் பதித்திருக்கும். இவை எதுவும் உங்கள் கை செய்தது அல்ல.

உங்கள் காலில் நடப்பது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று: முளை துளையின் அடிவரை போய் முட்டுகிறது, ரன்னரிலிருந்து (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டிய இடத்தில் ஒரு சிறு துண்டு மிச்சமிருந்து சேரும் விளிம்பில் இடிக்கிறது, அல்லது பாதி ஒன்று வளைந்திருக்கிறது. கண்டுபிடிக்கும் வழி எளிது. இரண்டு பாதிகளையும் விரலால் நன்றாக அழுத்துங்கள். இடைவெளி மூடிக்கொண்டு, விட்டதும் திறந்தால் அது வளைவு. பசை போட்டு, மாஸ்கிங் டேப்பால் இறுக்கிக் கட்டிவைத்தால் போதும். எவ்வளவு அழுத்தினாலும் மூடவில்லை என்றால் உள்ளே ஏதோ இடிக்கிறது. முளைகளின் நீளத்தைப் பாதியாக வெட்டிவிட்டு மறுபடி சேர்த்துப் பாருங்கள். முளையின் வேலை இடம் காட்டுவது மட்டுமே, தாங்குவது பசை. நான் பழைய கிட் எதைத் திறந்தாலும், ஒட்டுவதற்கு முன் முளைகளையெல்லாம் ஒரு சுற்று குட்டையாக்கிவிடுவேன். தொழிலில் இதை ஒருவன் செய்தால் திட்டுவேன்; வீட்டில் நானே செய்கிறேன். வளைவு அதிகமாக இருந்தால் கொதி அடங்கிய வெந்நீரில் சில நொடிகள் அமிழ்த்தி, மெல்ல நிமிர்த்தி, குளிர்ந்த நீரில் நனைத்து நிறுத்துங்கள். கொதிக்கிற நீரில் நேராகப் போட்டால் கால் கூழாகிவிடும். பாலிஸ்டைரின் நூறு டிகிரியை நெருங்கும்போதே தளர ஆரம்பித்துவிடும்.

செலவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 600 யென் கிட்டுக்காக 6,000 யென் கருவி வாங்காதீர்கள். கண்டாமுக்கு வாங்கிய நிப்பர் (பாகங்களை வெட்டி எடுக்கும் குறடு) உங்களிடம் இருக்கும், அது போதும். முதலில் பாகத்திலிருந்து தள்ளி வெட்டுங்கள், பிறகு மிச்சத்தை ஒட்டி வெட்டுங்கள். ஒரே வெட்டில் முடிக்கப் பார்த்தால் பிளாஸ்டிக் வெளுத்துப் பிய்ந்துவரும். ஒரு சிறு கத்தி, 400 முதல் 1000 வரை எண்ணுள்ள நீர்த்தாள் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), துணி உலர்த்தும் கிளிப்புகள், மாஸ்கிங் டேப். கத்தியையும் கிளிப்பையும் டேப்பையும் நூறு யென் கடையிலேயே எடுத்துக்கொள்ளலாம், நகம் தேய்க்கும் ஸ்பான்ஜ் பட்டையும் அங்கே கிடைக்கும். வளைந்த பரப்புக்கு அது தாளைவிட நல்லது. ஒட்டும் வேலையில் காசு கொடுக்க வேண்டிய ஒரே இடம் பசை. தடித்த பசை ஒன்று, நீர் போன்ற மெல்லிய பசை ஒன்று. இரண்டும் உண்மையில் பசையே அல்ல, பிளாஸ்டிக்கைக் கரைக்கும் திரவங்கள். இரு விளிம்புகளும் கரைந்து கலந்து ஒன்றாகிவிடும். உலர்ந்தபின் அது ஒட்டு அல்ல, ஒரே துண்டு. வாசனை தலைவலி தந்தால் ஆரஞ்சு வாசம் வீசும் லிமோனின் பசை இருக்கிறது. சற்று மெதுவாகக் காயும், அவ்வளவே. சூப்பர் குளூவை ஒட்டுவதற்கு எடுக்காதீர்கள். அது உடையும் ஒட்டு, கீழே விழுந்தால் கால் தனியே போகும். அதற்கு வேறொரு வேலை வைத்திருக்கிறேன், பின்னால் வருகிறது.

ஒட்டுவதற்கு முன் பாகங்களைப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சில் பூசும் எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயிண்ட் பிடிக்காது. இது அவசியமா என்பதில் கட்டுகிறவர்களிடையே ஒற்றுமை இல்லை. கழுவாமலே முப்பது வருடமாகப் பெயிண்ட் அடிக்கும் நண்பர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். புதிய கிட்டாக இருந்தால் நானும் கழுவ மாட்டேன். பழைய பொருள் கடையிலிருந்து வந்தது, எத்தனை கை பட்டதோ. பத்து நிமிட வேலை. அப்போதே விளக்கத் தாளில் உள்ள பாகப் படத்தோடு ரன்னர்களை ஒப்பிட்டு எதுவும் குறைகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒட்டும் முறையில்தான் இந்தக் கிட்டின் பாதி வெற்றி இருக்கிறது. இரண்டு விளிம்புகளிலும் தடித்த பசையைத் தாராளமாகத் தடவி, அரை நிமிடம் விட்டு, மறுபடி தடவி, பிறகு சேர்த்து அழுத்துங்கள். கரைந்த பிளாஸ்டிக் கோடு முழுவதும் பிதுங்கி வெளியே வர வேண்டும். ஜப்பானியர் அந்தப் பிதுக்கத்தை 'முன்யு' என்பார்கள். சொல்லைக் கேட்டாலே காட்சி தெரியும். துடைக்கத் தோன்றும், துடைக்காதீர்கள். அந்தப் பிதுக்கம்தான் இடைவெளியை நிரப்பும் மருந்து, கடையில் விற்கும் எந்தப் பூச்சையும்விட நல்லது, ஏனென்றால் அது அதே பிளாஸ்டிக். கிளிப் போட்டு மூன்று நாள் தொடாமல் வையுங்கள், முடிந்தால் ஒரு வாரம். மறுநாளே தேய்த்தால் அன்றைக்கு வழவழப்பாகத்தான் இருக்கும். உள்ளே ஈரம் காயக் காய அந்தக் கோடு மறுபடி பள்ளமாக விழும், பெயிண்ட் அடித்த பிறகு பல்லிளிக்கும். காய்ந்ததும் 400 தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, பிறகு 600, 800 என்று போங்கள். நனைத்துத் தேய்த்தால் தூசி மூக்கில் ஏறாது. அழுக்கு வண்டிக்கு 800 போதும். 1000-ஐத் தொட வேண்டிய தேவைகூட இல்லை.

இப்போது மூட்டுகள். இந்த வயதுக் கிட்களில் எனக்குக் கோபம் வரும் இடம் இது ஒன்றுதான். முழங்காலும் முழங்கையும் இரண்டு பாதிகளுக்கு நடுவே அடுத்த பாகத்தைச் சிறைவைத்து ஒட்டும்படி இருக்கும். ஒட்டிவிட்டால் பிரிக்க முடியாது. பிரிக்க முடியாவிட்டால் தேய்ப்பதும் பெயிண்ட் அடிப்பதும் கஷ்டம். அதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு: உள்ளே போகும் பாகத்தின் வட்டத் துளையில் ஒரு பக்கத்தை வெட்டி, அதை வட்டத்திலிருந்து ஆங்கில 'சி' எழுத்தாக்கிவிடுங்கள். வெளிப்பாதிகளை முதலிலேயே ஒட்டித் தேய்த்துப் பெயிண்டும் அடித்த பிறகு, அந்த 'சி'யை உள்ளே தள்ளினால் அங்கிருக்கும் முளையைக் கவ்விக்கொள்ளும். எங்கே வெட்டினால் வெளியே தெரியாது என்பதை ஒட்டாமல் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். இடுப்பில் வேறு தொல்லை. பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உராயும் மூட்டு, நான்கு முறை ஆட்டினால் தொளதொளத்துவிடும், ரோபோ சாராயம் குடித்தவன் போல் காலை அகட்டிக்கொண்டு மெல்ல உட்காரும். இங்கேதான் சூப்பர் குளூ: முளையின் மேல் மெல்லியதாகப் பூசி, துளையில் போடாமல் முழுவதும் காயவிட்டு, பிறகு பொருத்துங்கள். முளை ஒரு மயிரிழை தடித்திருக்கும். காயுமுன் போட்டால் அந்த மூட்டு என்றென்றைக்கும் அப்படியே நின்றுவிடும்.

அப்படி நின்றாலும் குற்றமில்லை என்பது என் கட்சி. இதை உறுதியான அறிவாகச் சொல்லவில்லை, சுவையாகச் சொல்கிறேன். மாறுபடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். இன்றைய கிட்கள் மண்டியிடும், ஒற்றைக் காலில் நிற்கும். 1982-இன் கிட் அதைச் செய்யாது. அதைச் செய்யவைக்கப் புதிய மூட்டுகள் வாங்கி வெட்டிப் பொருத்துகிறவர்கள் கிட்டின் விலையைப் போல ஐந்து மடங்கு செலவழிக்கிறார்கள். நான் செய்வது வேறு: ஒரு நிலையைத் தேர்ந்தெடுத்து, மூட்டுகளை அந்த நிலையிலேயே ஒட்டிவிடுவேன். ஒரு கால் சற்று முன்னால், இடுப்பு அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, கை இரண்டும் சமமில்லாமல். வேலை முடித்து நிறுத்திய வண்டி அப்படித்தான் நிற்கும். இந்த ஒரு முடிவினால் 'சி' வெட்டும், தொளதொளப்பும், உராய்ந்து பெயிண்ட் உரிவதும் ஒரே அடியில் தீர்ந்துவிடும். பாதத்தின் அடியில் குழிவு இருந்தால் இரண்டு மூன்று இரும்பு நட்டுகளை எபாக்ஸிப் புட்டியில் பதித்து அடைத்துவிடுங்கள். எடை கீழே இறங்கினால் மேசையைத் தட்டினாலும் விழாது.

பெயிண்டுக்கு வருகிறேன். அடியில் ஒரு பூச்சாகச் சாம்பல் நிறச் சர்ஃபேசர், ஸ்பிரே டப்பாவில் கிடைக்கும்; அதை வாங்குங்கள். அடித்ததும் நீங்கள் தேய்க்காமல் விட்ட கோடுகளும் குழிகளும் எல்லாம் அம்பலமாகும். மனம் தளராமல் எவை கண்ணுக்குப் படும் இடத்தில் இருக்கின்றன என்று மட்டும் பாருங்கள். ஜூன் மழைக்காலத்தில், ஈரம் மிகுந்த நாளில், ஸ்பிரே டப்பாவைத் தொடாதீர்கள். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பால் போல வெளுத்துவிடும். பளபளப்பை அடக்கக் கடைசியில் அடிக்கும் மங்கல் பூச்சில் இது நடந்தால் அழுகையே வரும். நிறத்தைப் பிரஷ்ஷால் அடிக்கலாம். நீரில் கழுவக்கூடிய அக்ரிலிக் பெயிண்ட், தட்டையான பிரஷ், நன்றாக நீர்த்த மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் முழுவதும் காய்ந்த பிறகே அடுத்தது. முதல் பூச்சு திட்டுத்திட்டாகப் பயமுறுத்தும். அங்கேயே திரும்பத் திரும்பத் தீற்றினால் அடியில் உள்ளது கிளம்பி வரும், கையை எடுத்துவிட வேண்டும். விளக்கத் தாளில் உள்ள நிறம்தான் வேண்டும் என்றில்லை. அந்தக் கதையில் இவை கைமாறிக் கைமாறி ஓடும் வண்டிகள். முந்தைய சொந்தக்காரர் மஞ்சள் அடித்திருந்தார் என்று நீங்கள் சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்?

அழுக்கு ஏற்றுவதற்கு முன் ஒரு நாள் சாலைப் பணி நடக்கும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று ஒரு பொக்லைனைப் பாருங்கள். ஜப்பானில் அதை 'யும்போ' என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், நம் பொக்லைனும் அவர்கள் யும்போவும் இரண்டுமே பிரெஞ்சுக்காரர்கள் விற்ற இயந்திரங்களின் பெயர்கள். இயந்திரம் எங்கே போனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த வண்டியில் துரு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று கவனியுங்கள். மண்ணை அள்ளும் வாளியின் பல்லில் துரு இருக்காது. தினமும் தேய்கிற இடம், எஃகு பளபளக்கும். ஓட்டுபவர் கால் வைத்து ஏறும் படியில் பெயிண்ட் போயிருக்கும், கைப்பிடியில் போயிருக்கும், யாரும் தொடாத முதுகில் அப்படியே இருக்கும். மூட்டு முளைகளைச் சுற்றிக் கிரீஸும் தூசியும் கலந்து கருத்திருக்கும். கிடைமட்டப் பரப்பில் தூசி படியும், நேர்ப் பரப்பில் மழை அதைக் கோடுகளாக இழுத்திருக்கும். புதிதாகச் செய்கிறவர்கள் உடம்பு முழுவதும் சமமாகப் பழுப்பைப் பூசிவிடுவார்கள். அது அழுக்கு மாதிரி இருக்காது, பழுப்பு நிற ரோபோ மாதிரி இருக்கும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜின் சிறு துண்டைக் கரும்பழுப்புப் பெயிண்டில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, மிச்சம் இருப்பதை விளிம்புகளில் மட்டும் ஒற்றுங்கள். படி, கதவோரம், பாதத்தின் முன்முனை. பிறகு மண் நிறப் பாஸ்டல் குச்சியைத் தாளில் உரசிப் பொடியாக்கி, பாதத்திலிருந்து முழங்கால்வரை மேலே போகப்போகக் குறையும்படி பழைய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். மேலே மங்கல் பூச்சு. கால் நடுவில் நீங்கள் சரியாகத் தேய்க்காமல் விட்ட கோடு அந்தப் புழுதியில் காணாமல் போயிருக்கும்.

எனாமல் வாஷ் பற்றி ஒரு எச்சரிக்கை. பள்ளங்களில் கறுப்பு ஓடவிடுவதற்கு எனாமல் பெயிண்டைக் கரைத்து ஊற்றுவது எல்லோரும் செய்வதுதான், அழகாகத்தான் இருக்கும். ஆனால் எனாமல் கரைப்பான் இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்குக்குள் ஊறினால் அது விரிசல் விட்டுப் பிளந்துவிடும். இது நிச்சயம், என் தொழிலிலும் பார்த்தது. அப்படியும் ஒரு முறை, மூன்று வாரம் உழைத்த கிட்டில், இறுக்கமாகப் பொருந்திய கணுக்கால் மூட்டில் தாராளமாக ஊற்றிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் ரோபோ மேசையில் குப்புறக் கிடந்தது, பாதம் மட்டும் தனியே நின்றுகொண்டிருந்தது. என்னைத் தவிர யாரையும் குறை சொல்ல வழியில்லை. வாஷ் வேண்டுமென்றால் மூட்டுகளைப் பொருத்துவதற்கு முன் செய்யுங்கள், நன்றாகப் பூச்சு ஏறிய இடத்தில் மட்டும் செய்யுங்கள், தேங்க விடாதீர்கள்.

பழைய பிளாஸ்டிக் நாளாக ஆக நொறுங்கிவிடும் என்று உங்களிடம் யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வெயில் படாமல் பெட்டிக்குள் இருந்த பாலிஸ்டைரினில் நான் அப்படிப் பார்த்ததில்லை. நான் கட்டிய பழையவை புதியவை போலத்தான் வெட்டுப்பட்டன. ஆனால் நான் கட்டியவை எல்லாம் ஜப்பானில் வீட்டு அலமாரியில் இருந்தவை. ஜன்னலோரம் பத்து வருடம் காட்சிக்கு வைத்திருந்த பெட்டிக்கு இதை நீட்டிச் சொல்ல மாட்டேன். ஒரு ரன்னரின் ஓரத் துண்டை வளைத்துப் பாருங்கள். வளைந்து வெளுத்தால் நன்று. வளையாமல் கண்ணாடி போல முறிந்தால் வெந்நீர் வைத்தியத்தை விட்டுவிட்டு, வெட்டும்போது நிதானமாக இருங்கள். திறக்காமல் வைத்திருந்தால் விலை ஏறுமா என்ற கேள்விக்கு நான் ஆள் இல்லை. 600 யென்னுக்கு வந்த பெட்டி, நீங்கள் திறந்தும்விட்டீர்கள்.

ஆக, தப்பு கையிலா கிட்டிலா என்றால், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்க்க இதுவரை எல்லாம் அச்சுடையது. உங்கள் கை இன்னும் வேலையே ஆரம்பிக்கவில்லை. முளைகளைக் குட்டையாக்கிய பிறகும் நகம் நுழைந்தால், காலின் இரண்டு பாதிகளையும் தனித்தனியே ஒரு கண்ணாடித் தகட்டின் மேல், ஒட்டும் விளிம்பு கீழே இருக்கும்படி வைத்து, எந்தப் பாதி ஆடுகிறது, எந்த முனை தூக்கி நிற்கிறது என்று பார்த்து எழுதுங்கள். அதற்குத் தகுந்தபடி மீதியைச் சொல்கிறேன்.